கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள்

என் அத்தையைச் சென்னைக்குக் கூட்டிப்போனது 1994 தை மாதத்தில். கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம் வரை டவுன் பஸ், அங்கிருந்து இரவு திருவள்ளுவர் பஸ். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் அத்தை. இருக்கையில் போடுவதற்காக அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்திருந்தாள் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "அத்தைக்கு முடியல. அடையாறு போறோம்." எங்கள் பக்கத்தில் அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. அடையாறு போகிறவர்களுக்கு என்ன நோய் என்று பதினான்கு வயதுப் பெண்ணுக்கும் தெரியும்.

அத்தை அகத்தியம்பள்ளி உப்பளத்தில் கூலிக்குப் போனவள். விலக்கு நின்று நான்கு வருடம் கழித்து மறுபடி உதிரம் பட ஆரம்பித்தபோது, "கெழவிக்கு மறுக்கா கொமரு திரும்புதுடி" என்று கூட வேலை செய்த பெண்களிடம் சிரித்தாளாம். ஒன்றரை வருடம் துணி வைத்துக்கொண்டே உப்பு சுமந்தாள். நாற்றம் வந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள். முதலில் பார்த்த மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், உள்ளே பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் அத்தை எழுந்து வெளியே வந்திருப்பாள், அதுவும் உண்மை. அடையாறில் பார்த்தபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் மூன்றாம் நிலையில் இருந்தது. வாரக்கணக்கில் 'கரண்டு' வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு நம் பெண்கள் வைத்திருக்கும் பெயர் அது. 1995 ஆடியில் இறந்துபோனாள்.

திரும்பி வந்து படுத்திருந்த மாதங்களில் வார்டில் கேட்ட கதைகளையெல்லாம் எனக்குச் சொல்வாள். அதில் ஒன்று: "அந்த ஆஸ்பத்திரிக்கு மொதமொதல்ல கரண்டு மிசினு வெளிநாட்டுக்காரன் சும்மா குடுத்தானாம். சும்மா எவனாச்சும் குடுப்பானாடி?"

தமிழ் படித்தவள் நான். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் அத்தையின் கேள்வி கூடவே வந்தது. யார் யாருக்கு எதைச் சும்மா கொடுத்தார்கள் என்று தேடியபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

*

முனைவர் பட்டத்துக்காகப் பழைய பெண்கள் இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த நாட்களில் 'ஸ்திரீ தர்மா' என் மேசைக்கு வந்தது. ஆங்கிலத்தோடு தமிழும் தெலுங்கும் கலந்து வந்த இதழ். 1917இல் அடையாறில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் ஏடு அது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துக்காரர், வாக்குரிமைப் போராட்டத்தில் சிறை சென்றவர். டோரதி ஜினராஜதாசா இங்கிலாந்தில் பிறந்து இலங்கைக்காரரை மணந்தவர். அன்னி பெசன்ட் முதல் தலைவர். ஆங்கிலத்தில் அந்தச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் டபிள்யூ.ஐ.ஏ. இன்றும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆங்கிலப் பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள், அந்த மூன்று எழுத்துகள் நிற்கின்றன. என் அப்பாவும் அம்மாவும் அந்தப் பலகையைக் கடந்துதான் அத்தையை உள்ளே கூட்டிப்போனார்கள். பெண்கள் சங்கம் ஒன்று கட்டிய மருத்துவமனை என்று அவர்களுக்குத் தெரியாது. என் வகுப்பு மாணவிகளில் பெரும்பாலோருக்கும் இன்றுவரை தெரியாது.

முத்துலெட்சுமி ரெட்டியைத் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தோடு சேர்த்துப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றார். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். தங்கையின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். மருத்துவராக இருந்தும் செய்ய ஒன்றுமில்லாமல் போனது அவரை விடவில்லை. 1925இல் லண்டனுக்கு மேற்படிப்புக்குப் போனபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனைக்கும் போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டு பாரிசில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். சென்னையில் தனிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று 1935இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், வெளிப்படையாகக் கேட்டார். கிடைக்கவில்லை. 1949இல் மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்ட ஆரம்பித்தார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அப்போது அவருக்கு வயது 67.

அரசின் மனநிலை அந்த நாட்களில் எப்படி இருந்தது என்பதை மருத்துவர் சாந்தா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். புற்றுநோய்க்காரர்கள் எப்படியும் சாகத்தான் போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதுதான் அமைச்சர் மட்டத்திலேயே கேட்கப்பட்ட கேள்வி. சாந்தா 1955இல், அரசு மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, முத்துலெட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியோடு அந்தச் சின்னக் கட்டடத்தில் சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தைவிட்டுப் போகவில்லை.

பெண்கள் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோய்க்காகக் காசு திரட்டியது உலகத்துக்குப் புதிதல்ல. 1921இல் மேரி கியூரியின் ஆய்வுக்கு ரேடியம் இல்லை என்று தெரிந்து, அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் சேர்த்து ஒரே ஒரு கிராம் ரேடியத்தை வாங்கிக் கொடுத்தார்கள். முன்னின்று திரட்டியவர் மிஸ்ஸி மெலோனி என்ற பத்திரிகையாளர். வெள்ளை மாளிகையில் வைத்து அதை வழங்கியவர் குடியரசுத் தலைவர் ஹார்டிங். புகைப்படங்களில் அவரைத்தான் முன்னால் பார்க்கலாம்.

*

இனி அத்தை சொன்ன மெஷின்.

1957இல் அடையாறுக்கு வந்த கோபால்ட்-60 கருவிதான் ஆசியாவில் முதலாவது என்று சொல்லப்படுகிறது. கனடா கொடையாகக் கொடுத்தது. அதற்கு ஆறு வருடம் முன்புதான் கனடாவிலேயே அந்தச் சிகிச்சை தொடங்கியிருந்தது. 1951 நவம்பரில், சாஸ்கடூன் என்ற ஊரில், ஹரால்ட் ஜான்ஸ் என்ற இயற்பியலாளரின் குழு அமைத்த கருவியில் முதல் நோயாளி படுத்தார். 43 வயதுப் பெண், நான்கு குழந்தைகளின் தாய், முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய். அவர் 90 வயதுவரை வாழ்ந்தார். எந்த இடத்தில் எவ்வளவு கதிர் படும் என்று அளந்து கணக்கிட்ட ஜான்ஸின் குழுவில் சில்வியா ஃபெடோரக் என்ற இளம்பெண் இருந்தார். உக்ரேனியக் குடியேறிகளின் மகள். கனடாவில் மருத்துவக் கதிரியக்க இயற்பியலில் அப்போது இருந்த ஒரே பெண் அவர்தான்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தைக்கு இருந்த அதே நோய். சாஸ்கடூன் பெண்ணுக்கும் முற்றித்தான் இருந்தது, ஆகவே கருவியைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு நாற்பது வருடம் கழித்து, அவளைப் போன்ற இன்னொருத்தி அதே கதிருக்குக் கீழே படுத்து ஒன்றரை ஆண்டில் இறந்தாள். உடம்புக்கு உடம்பு வேறுபடும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் உப்பளத்தில் சுமந்த அந்த ஒன்றரை வருடத்தையும் நான் கணக்கில் சேர்க்கிறேன்.

கொடையின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். கோபால்ட்-60 தேய்ந்துகொண்டே போகும். ஐந்தேகால் வருடத்தில் அதன் வலு பாதியாகிவிடும். முதல் வருடம் ஒரு நிமிடம் படுத்த இடத்தில் ஐந்தேகால் வருடம் கழித்து இரண்டு நிமிடம் படுக்க வேண்டும். புதிய கோபால்ட் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால்தான் மெஷின் மெஷினாக இருக்கும். சும்மா கொடுத்ததைக் காப்பாற்றவே ஓயாமல் காசு திரட்ட வேண்டியிருந்தது. அதே கனடாதான் மும்பைக்குப் பக்கத்தில் டிராம்பேயில் அணு உலை கட்டவும் உதவியது. அந்த உலையின் புளுட்டோனியம்தான் 1974இல் பொக்ரானில் வெடித்தது. ஒரே கையிலிருந்து வந்த இரண்டு கொடைகள். இந்த வரலாற்றில் பின்னொரு காலத்தில் நல்ல திருப்பமும் உண்டு: பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பாபாட்ரான் என்ற கோபால்ட் கருவியை இந்தியா வியட்நாமுக்குக் கொடையாகக் கொடுத்தது.

அத்தையிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தால், "நான் சொல்லல?" என்று கேட்டிருப்பாள்.

*

அத்தை வீட்டு வாசலில் நித்தியகல்யாணி நின்றது. கோடியக்கரை மணலில் அதற்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆடு மாடு வாய் வைக்காது. வருடம் முழுக்க ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் உண்டு. ஒரே செடிக்கு நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் வைத்த மொழியை என்ன சொல்ல. கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்களை நித்தியசுமங்கலி என்றது நினைவுக்கு வரும். முத்துலெட்சுமி எதிர்த்துப் போராடியது அந்த ஏற்பாட்டை.

செடியின் பிறப்பிடம் மடகாஸ்கர். கப்பலேறி வெப்பநாடுகள் எங்கும் பரவியது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து ஒரு நோயாளி கனடாவிலிருந்த தன் மருத்துவருக்கு இலைகளை அனுப்ப, அவருடைய தம்பி ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீர் என்ற வேதியியலாளரும் அவற்றை ஆய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதிலிருந்து வின்பிளாஸ்டின் வந்தது. எலி லில்லி நிறுவனம் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினை எடுத்தது; 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதன்மையான மருந்துகளில் அது ஒன்று.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த இலை எங்கிருந்து போனது? இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களில் நித்தியகல்யாணி பயிரிட்டு, இலையும் வேரும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி ஆயிற்று. இதை வகுப்பில் சொன்னபோது கமுதிப் பக்கத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி எழுந்து, "எங்க அம்மா அந்த வேர் புடுங்கப் போயிருக்காங்க மேடம், கையெல்லாம் கசப்பா இருக்கும்னு சொல்வாங்க, சோறு திங்க முடியாதாம்" என்றாள். எதற்குப் போகிறது என்று அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "மருந்துக்குன்னு தெரியும். எந்த மருந்துக்குன்னு தெரியாது."

1984 வாக்கில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தும், சாந்தாவும், மும்பை டாடா மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் சேர்ந்து, இந்தியக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சை முறையை வகுத்தார்கள். எம்.சி.பி. 841 என்று பெயர். நம் மருத்துவமனைகளில் இருக்கும் வசதிக்குள் செய்யக்கூடியதாக அமைத்ததுதான் அதன் சிறப்பு. ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்த இடத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்க ஆரம்பித்தார்கள். பன்னாட்டு ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குத் தகுதியான வேலை என்று நான் எண்ணுவது இதைத்தான். கமுதிப் பெண்ணின் கையில் ஒட்டிய கசப்பும் அந்த ஊசிக்குள் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

*

இப்போது நான் எழுதத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. வைரஸ் தொற்றிப் பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் புற்றாக மாறும். இடையில் பார்த்துவிட்டால் தடுக்கலாம். மேலைநாடுகளில் இதற்கு 1940களிலிருந்தே பாப் பரிசோதனை உண்டு. ஜார்ஜ் பாப்பனிகொலாவு கண்டுபிடித்தது. அவருடைய மனைவி ஆந்த்ரோமாகி பல ஆண்டுகள் நாள்தோறும் தன் உடம்பிலிருந்தே மாதிரி எடுத்துக் கொடுத்தார். அந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும், செல்களைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், முடிவைக் கேட்கப் பெண் இரண்டாம் முறை வர வேண்டும். அத்தையைப் போன்றவள் முதல் முறையே வரமாட்டாள்.

அதற்கு மாற்றாக ஒரு எளிய வழி இருந்தது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது சமையலில் ஊற்றும் வினிகரைப் போன்றதை, பஞ்சில் தொட்டுக் கருப்பைவாயில் ஒற்றி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியே பார்க்கலாம். அங்கேயே குளிரூட்டி உறையவைத்து அந்த இடத்தை அழித்தும்விடலாம். இது உண்மையில் உயிரைக் காக்குமா? உலகத்தில் யாரிடமும் அதற்குச் சான்று இல்லை.

அந்தச் சான்று திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. பிரான்சில் லியோன் நகரத்திலிருக்கும், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கையிலிருக்கும் கிறித்தவ மருத்துவமனையும், அடையாறும் சேர்ந்து செய்தன. பணம் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. தலைமை தாங்கியவர் லியோனில் பணியாற்றிய கேரளத்துக்காரர் மருத்துவர் சங்கரநாராயணன். 30 முதல் 59 வயதுவரையான பெண்கள். ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் இரண்டு பக்கமாக வைத்தார்கள். 57 தொகுதிகளில் 49,311 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57 தொகுதிகளில் 30,958 பெண்கள். இவர்களுக்கு 'வழக்கமான மருத்துவம்'. பரிசோதனையைப் பொறுத்தவரை அன்றைய தமிழகக் கிராமத்தில் வழக்கம் என்று எதுவும் இல்லை.

2000இல் தொடங்கி ஏழு ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். 2007 ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதித்த பக்கத்தில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. எண்களாகச் சொன்னால், அழைக்கப்பட்ட பக்கத்தில் 83 பெண்கள் இறந்தார்கள். அழைக்கப்படாத, தொகையில் குறைவான பக்கத்தில் 92 பெண்கள்.

இந்தத் தொண்ணூற்றிரண்டை நான் பல நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுவந்த பெண்கள் அதில் இருக்கலாம், நூற்பாலைக்குப் போனவர்கள் இருக்கலாம். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் செவிலி வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, நமக்கு எப்போது வருவார்கள் என்று கேட்டவர்களும் இருக்கலாம்.

மும்பைக் குடிசைப் பகுதிகளிலும் மராட்டியத்தின் உஸ்மானாபாத்திலும் இதே அமைப்பில் ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்துப் பரிசோதனை இல்லாத பக்கத்தில் ஏறத்தாழ 1,38,000 பெண்கள் இருந்ததையும், அவர்களில் குறைந்தது 254 பேர் இந்த நோயில் இறந்ததையும் எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டி, இது அறமா என்று கேட்டார். அமெரிக்காவில் பெண்களை இப்படிப் பரிசோதிக்காமல் விட்டுவைத்து எண்ண முடியுமா என்பதே அவர் வாதத்தின் சாரம். ஆய்வாளர்கள் தரப்பில் சொன்ன பதில்: இந்தியாவில் கிடைத்ததைவிடக் குறைவாக யாருக்கும் எதுவும் தரப்படவில்லை, ஒப்பிட ஒரு பக்கம் இல்லாமல் சான்று இல்லை, சான்று இல்லாமல் எந்த அரசும் காசு ஒதுக்காது.

இரண்டையும் படித்துவிட்டு ஒரு பக்கம் சாய எனக்கு முடியவில்லை. பெண்ணியவாதியாக இருந்துகொண்டு இப்படி இழுக்கிறாயே என்று தோழி ஒருத்தி கோபித்துக்கொண்டாள். ஆனால் பதிலின் கடைசிப் பகுதி உண்மை என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். அதைக் கீழே சொல்கிறேன். 'கிடைத்ததைவிடக் குறைவாகத் தரவில்லை' என்ற பகுதியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்காமல் இருப்பதையே அளவுகோலாக வைத்தால், அதற்குக் கீழே யாராலும் போக முடியாது.

வெளிநாட்டுக் காசும் நம் அரசும் கைகோக்கும்போது கையெழுத்து எங்கே தொலைகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி கம்மம். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், பாத் என்ற அமெரிக்க அமைப்பு, ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசுகள் சேர்ந்து, 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியைப் போட்டன. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 'சமா' என்ற பெண்கள் நல அமைப்பு நேரில் போய் இதை வெளிக்கொண்டுவந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்திருந்தார்கள். ஊசியால் இறந்ததாக விசாரணைகள் சொல்லவில்லை. ஆனால் 2013இல் நாடாளுமன்றக் குழு ஒப்புதல் பெற்ற விதத்தைக் கடுமையாகச் சாடியது. அதன் விளைவு என்ன? நல்ல தடுப்பூசி ஒன்றின்மீது படிந்த சந்தேகம் இன்னும் போகவில்லை. என் மகளுக்கு நான் அந்த ஊசி போட்டேன். கடையில் விலை கொடுத்து வாங்கி, படித்துப் பார்த்து, அவளிடம் கேட்டுவிட்டுப் போட்டேன். பத்ராசலம் விடுதிப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

*

திண்டுக்கல் முடிவு வந்த 2007இலேயே தமிழக அரசு, உலக வங்கிக் கடனில் நடந்த சுகாதாரத் திட்டத்தின்கீழ், இந்தப் பரிசோதனையை இரண்டு மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. ஒன்று தேனி. மற்றது தஞ்சாவூர்.

அப்போது நாங்கள் பட்டுக்கோட்டைக்குக் குடிவந்திருந்தோம். அம்மாவுக்கு 54 வயது. ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலி தெருவில் வீடு வீடாக வந்து அழைத்தார். மற்றவர்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள். அத்தைக்கு வேட்டி கிழித்தவள் அல்லவா. வெள்ளை தெரிந்தது. மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், குளிர் வைத்து எடுத்தார்கள். "பத்து நிமிசம்கூட ஆவல" என்று வீட்டுக்கு வந்து மீன் கழுவ உட்கார்ந்தாள். இன்று எழுபதைத் தாண்டி, என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

திண்டுக்கல்லில் யாரோ ஒரு தொண்ணூற்றிரண்டு பேர் எண்ணப்பட்டதால் என் அம்மாவுக்குக் கிடைத்த பத்து நிமிடம் அது. 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியிலும் இந்த வினிகர் முறை இடம்பெற்றது. ஆய்வகம் இல்லாத எத்தனையோ நாடுகளின் பெண்களுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. மெஷின் கொடுத்த நாட்டின் பெயர் நமக்குத் தெரியும். இதைக் கொடுத்த பெண்களுக்கு ஒரு நன்றிப் பலகையை நான் எங்கும் பார்த்ததில்லை.

முன்னோட்டம் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும். கோடியக்கரையும் பழைய தஞ்சாவூர்தான். 1991இல் மாவட்டத்தைப் பிரித்தபோது நாகப்பட்டினத்துக்குப் போனது. கோட்டுக்கு அந்தப் பக்கம். அத்தை மகளை நான் அத்தாச்சி என்று கூப்பிடுவேன். அம்மா போன் செய்து, "இங்க வந்து பாத்துட்டுப் போடி" என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். "எங்க ஊருக்கு வரட்டும் அத்த, பாப்போம்" என்றாள் அத்தாச்சி. 2012 வாக்கில் எல்லா மாவட்டங்களுக்கும் திட்டம் வந்தது. அப்போது, "சொந்த ஊர்ல எப்புடிக் காட்றது, நர்சம்மா தெனம் மொகத்துல முழிக்கிற ஆளு" என்றாள். பிறகு கஜா புயல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. பிறகு கொரோனா. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொன்றும் உண்மையான காரணம். கோடு மாவட்ட வரைபடத்திலிருந்து எப்போது அவளுக்குள் இறங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

2025 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அத்தாச்சியின் பேத்திக்குப் பதின்மூன்று. "அதுக்குப் போட்டுருவோம், அது வேற" என்று உடனே சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு, "பேத்திக்குப் போடணும்னா மொதல்ல நீங்க வாங்க" என்று அடம்பிடித்தேன். கடந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோடியக்கரையிலிருந்து டவுன் பஸ் ஏறினோம். சாலையின் இரண்டு பக்கமும் உப்பளத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் அம்மா வேலை செய்த இடத்தைக் கைகாட்டினாள். வேறு எதுவும் பேசவில்லை.

அரசு மருத்துவமனையில் செவிலி இளவயதுப் பெண். பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை என்று எழுதிக்கொண்டு, என்ன செய்யப்போகிறார் என்பதைப் பஞ்சையும் புட்டியையும் காட்டிச் சொன்னார். சம்மதம்தானே என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார். அத்தாச்சி தன் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு, மெதுவாக எழுதினாள். திரைக்கு உள்ளே போனவள் எட்டிப் பார்த்து என்னையும் கூப்பிட்டாள். போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப ஒரு நிமிஷம் அசையாம இருங்கம்மா, மருந்து புடிக்கணும்" என்றார் செவிலி. மேஜைமேல் கடிகாரம் இருந்தது.

"இந்தத் தண்ணிய யாருடி கண்டுபுடிச்சது?" என்று கேட்டாள் அத்தாச்சி, கூரையைப் பார்த்துக்கொண்டே.

திண்டுக்கல் பக்கத்துப் பெண்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன்.